ராக்கெட்டின் மேல் கம்பெனி லோகோ: அரசு விண்வெளித் திட்டங்களில் ஸ்பான்சர் பணம் ஏன் கைகொடுப்பதில்லை

2018 ஆகஸ்ட் 29 அன்று நடந்த ஆலோசனைக் கவுன்சில் கூட்டத்தில், நாசாவின் அப்போதைய தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன் இரண்டு யோசனைகளை முன்வைத்தார். ராக்கெட்டுக்கும் விண்கலத்துக்கும் பெயர் சூட்டும் உரிமையைக் கம்பெனிகளுக்கு விற்கலாமா என்பது ஒன்று. விண்வெளி வீரர்கள் பொருள்களுக்கு விளம்பரம் செய்யலாமா என்பது மற்றொன்று. இவற்றை ஆராய மைக் கோல்டு தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. செய்தி வெளியானதும் வாதம் முழுக்க மானம் மரியாதையைச் சுற்றியே நடந்தது. மக்கள் வரிப்பணத்தில் பறக்கும் கலத்தின் மேல் குளிர்பானப் பெயரா என்று ஒரு பக்கம் கொதித்தது. வருகிற காசை ஏன் விட வேண்டும் என்று மறுபக்கம் கேட்டது.

மரியாதை பற்றிய கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்பே விடை தேட வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு. எவ்வளவு பணம் வரும், அது யார் கைக்குப் போகும், எப்போது வந்து சேரும்? கடந்த 40 ஆண்டுகளில் நடந்த முயற்சிகளை இந்த மூன்றையும் வைத்து உரசிப் பார்த்தால், பெரும்பாலானவை மானப் பிரச்சினைக்கு வருமுன்பே கணக்கில் தோற்றிருப்பது தெரியும்.

முதலில் தொகை. அரசு விண்வெளித் திட்டத்தோடு இணைந்த விளம்பரங்களில் மிகவும் பேசப்பட்டது 2000 ஜூலை 12 அன்று கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஸ்வெஸ்தா பகுதியை ஏந்திச் சென்ற அந்த ராக்கெட்டின் பக்கவாட்டில், சுமார் 9 மீட்டர் உயரத்துக்கு பீட்சா ஹட் லோகோ இருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட தொகை சுமார் 10 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. நாசாவின் 2018ஆம் நிதியாண்டு ஒதுக்கீடு ஏறக்குறைய 2,070 கோடி டாலர். அதை 365 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 5.67 கோடி, ஒரு மணி நேரத்துக்கு 23.6 லட்சம். அதாவது, உலகமே பேசிய அந்த விளம்பரப் பணம் நாசா அளவுள்ள ஒரு நிறுவனத்தின் 25 நிமிடச் செலவு. இப்படிப் பத்து ஒப்பந்தங்கள் பிடித்தாலும் நான்கு மணி நேரம் சொச்சம்தான் ஓடும்.

அடுத்தது, பணம் போகும் இடம். அமெரிக்காவில் 1849இலிருந்து ஒரு விதி இருக்கிறது: அரசின் சார்பாக எந்த அதிகாரி பணம் பெற்றாலும் அதை மத்தியக் கருவூலத்தில் செலுத்த வேண்டும், நாடாளுமன்றம் தனியே அனுமதி தராமல் துறையே வைத்துக்கொள்ள முடியாது. நாசாவுக்கு ஒரு வழி உண்டு. வெளியாருக்காகச் செய்யும் வேலையின் செலவை ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். காற்றுச் சுரங்கத்தை வாடகைக்கு விடும்போது மின்சாரச் செலவையும் ஆள் கூலியையும் வசூலிப்பதைப் போல. ஆனால் லோகோ ஒட்டுவதில் செலவு எங்கே இருக்கிறது? பெயிண்டும் கூலியும் போக மீதி எல்லாம் லாபம். அந்த லாபம் அடுத்த செவ்வாய் விண்கலத்துக்குப் போகாது, கருவூலத்துக்குப் போகும். சட்டத்தை மாற்றி நாசாவே வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினாலும், வந்த தொகையைப் பட்ஜெட் குழு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்வதைத் தடுக்க எதுவும் இல்லை. பெயர் உரிமை பற்றிய பேச்சில் இந்த ஒரு விஷயம் அடிபடாமலே போவது வருத்தம்தான்.

வீரர்கள் விஷயம் இதைவிடப் பழையது. 1959இல் அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்க்குரியின் ஏழு வீரர்களும் தங்கள் சொந்தக் கதைகளை எழுதும் உரிமையை லைஃப் பத்திரிகைக்கு 5 லட்சம் டாலருக்குக் கொடுத்தார்கள். அதை நாசாவே அனுமதித்தது. பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலில் குவிவதிலிருந்து குடும்பங்களுக்குப் பாதுகாப்பு, ஆபத்தான வேலைக்கு ஒரு காப்பீடு என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. கதவு மூடக் காரணமானது 1971இல் நடந்தது. அப்பல்லோ 15 குழுவினர் அனுமதி பெறாமல் சுமார் 400 அஞ்சல் உறைகளை நிலவுக்கு எடுத்துச் சென்றார்கள். அவற்றில் 100 ஒரு ஜெர்மன் தபால்தலை வியாபாரிக்குப் போய் விற்பனைக்கு வந்தன. வீரருக்கு ஏறக்குறைய 7,000 டாலர் என்பது ஏற்பாடு. விஷயம் வெளியே வந்ததும் அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள், பறக்கும் பணியிலிருந்தும் விலக்கப்பட்டார்கள். வீரர் தன் சொந்தப் பொருளாக எதை, எத்தனை எடுத்துப் போகலாம் என்று இன்று இருக்கும் கறாரான விதிகளுக்கு அந்த உறைகள்தான் மூலம்.

இப்போது அமெரிக்க அரசு ஊழியர் எவரும் தன் பதவியைக் கொண்டு ஒரு பொருளையோ நிறுவனத்தையோ பரிந்துரைக்கக் கூடாது. விண்வெளி வீரரும் அரசு ஊழியரே. சர்வதேச நிலையத்தில் தங்குவோருக்கான நடத்தை விதியும், தனிப்பட்ட ஆதாயத்துக்காகப் பதவியைப் பயன்படுத்துவதை மட்டும் தடுத்து நிற்பதில்லை; அப்படித் தோற்றமளிப்பதையும் தடுக்கிறது. ஆனால் ஒதுக்கப்பட்ட கடமையைச் செய்வது ஆதாயமாகக் கருதப்படாது என்றும் அதே விதி சொல்கிறது. ரஷ்ய வீரர்கள் விளம்பரங்களில் நடித்ததற்கு வழிவிட்டது இந்த இரண்டாவது பாதி. அவர்களைப் பொறுத்தவரை அது மேலிடம் கொடுத்த வேலை. 2001இல் யூரி உசசேவ் நிலையத்தில் பீட்சாவைச் சாப்பிட்டபோது, கூடவே இருந்த அமெரிக்கர்கள் அந்தப் படப்பிடிப்பில் கலந்துகொள்ளவில்லை.

ரஷ்யா இதில் முன்னே போனதற்குக் காரணம் பணமுடை. சோவியத் காலத்தின் கடைசியில் தொடங்கி 1990கள் முழுக்க, தன் மிர் விண்வெளி நிலையத்தை ஓட்டவே பணம் தேட வேண்டியிருந்தது. 1990 டிசம்பர் 2 அன்று டோக்கியோ ஒளிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர் தொயோஹிரோ அகியாமா சோயுஸ் கலத்தில் மிருக்குப் போனார். அந்த ராக்கெட்டில் ஜப்பானியக் கம்பெனிகளின் சின்னங்கள் இருந்தன. 1996 மே மாதத்தில் இரண்டு வீரர்கள் விண்நடையின்போது ஊதிப் பெரிதாக்கிய பெப்சி கேன் ஒன்றைப் படமெடுத்தார்கள். அந்த விளம்பரம் கடைசிவரை ஒளிபரப்பாகவே இல்லை. அதற்குள் கேனின் வடிவமைப்பு மாறிவிட்டது. 1997இல் வாசிலி சிப்லியெவ் இஸ்ரேலின் தினுவா பாலை மிதக்கவிட்டுக் குடித்த காட்சி ஒளிபரப்பாகி, விண்வெளியில் படமான முதல் விளம்பரம் என்ற பெயரை எடுத்தது.

பெப்சி கேன் விவகாரம் பார்க்கச் சின்னது; ஆனால் நோய் முழுவதும் அதில் தெரிகிறது. விளம்பரத் துறைக்கு ஒரு நாள்காட்டி, விண்வெளித் துறைக்கு வேறு நாள்காட்டி.

நாள்காட்டிகள் மோதும் இடம்

ஒரு விண்கலத்துக்குப் பணம் மிகவும் தேவைப்படும் காலம் எது? ஏவுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னால். பாகங்களுக்கு ஆர்டர் கொடுப்பதும், சோதனை மாதிரிகளைச் செய்வதும், கோளாறுகளைக் கண்டுபிடிப்பதும் அப்போதுதான். ஸ்பான்சர் பணம் தர மிகவும் ஆசைப்படும் காலம் எது? ஏவுவதற்குச் சில மாதம் முன்னால், தொலைக்காட்சிகளில் பெயர் அடிபடத் தொடங்கியபின். இந்த இடைவெளியை நிரப்ப யாராவது கடன் கொடுக்க வேண்டும். அல்லது வேலை நிற்க வேண்டும்.

பிரிட்டனின் ஜூனோ திட்டம் இதில் மாட்டியது. தனியார் நிதியில் ஒரு பிரிட்டிஷ் வீரரை மிருக்கு அனுப்புவது எண்ணம். 13,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, ஹெலன் ஷார்மன் தேர்வானார். ஒரு விமான நிறுவனமும் ஒரு தொலைக்காட்சி வலையமைப்பும் வேறு சில கம்பெனிகளும் பெயர் கொடுத்தன. சேர்ந்த தொகையோ வேண்டியதில் சிறு பகுதிதான். கடைசியில் பெரும்பங்கைச் சோவியத் தரப்பே ஏற்றுக்கொண்டதால்தான் 1991 மே 18 அன்று பயணம் நடந்தது. ஸ்பான்சர்கள் பின்வாங்கியதைக் குறை சொல்ல முடியாது. விற்பனைக்கு என்ன கிடைக்கும் என்று யாராலும் அவர்களுக்கு உறுதி சொல்ல முடியவில்லை.

அதைவிடப் பாடம் நிறைந்தது பீகிள் 2. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தோடு 2003 ஜூன் 2 அன்று கிளம்பிய சின்னஞ்சிறு பிரிட்டிஷ் தரையிறங்கு கலம் இது. இதை முன்னின்று உருவாக்கிய காலின் பில்லிங்கர், செலவின் ஒரு பகுதியை ஸ்பான்சர்கள் மூலம் திரட்டிவிடலாம் என்று நம்பினார். ஒரு பெரிய விளம்பர ஏஜென்சி உதவிக்கு வந்தது. கேமராவின் நிறத்தைச் சரிபார்க்க ஓவியர் டேமியன் ஹர்ஸ்டின் வண்ணப் புள்ளிகள் பொருத்தப்பட்டன. தரையிறங்கியதும் அனுப்ப வேண்டிய சமிக்ஞைக்குப் புகழ்பெற்ற ராக் குழு ஒன்று இசை தந்தது. மக்கள் மனதில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. எதிர்பார்த்த ஸ்பான்சர் பணம் கிடைக்கவில்லை. அரசும் ஐரோப்பிய நிறுவனமும் பல்கலைக்கழகமும் கட்டுமான ஒப்பந்தக்காரருமே சுமந்தார்கள். 2003 டிசம்பர் 25 அன்று செவ்வாயில் இறங்கிய கலத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றும் அமெரிக்கக் கலத்தின் படங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இறங்கியது சரியாகத்தான். சூரியத் தகடுகள் முழுவதும் விரியவில்லை.

பணத் தட்டுப்பாட்டால்தான் தகடு விரியவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை, அப்படிச் சொல்வதும் சரியல்ல. ஆனால் விசாரணைக் குழு 2004இல் தந்த பரிந்துரைகளில் ஒன்று இங்கே நேராகப் பொருந்தும்: முடிக்கும்வரை ஆகும் மொத்தச் செலவுக்கான நிதி தொடக்கத்திலேயே உறுதியாகியிருக்க வேண்டும். விளம்பர வருமானத்தை நம்பி வரவு செலவு போடும் எந்தத் திட்டமும் இந்தப் பரிந்துரையை மீறுகிறது. பட்ஜெட்டில் ஸ்பான்சர் என்ற தலைப்புக்கு எதிரே எழுதக்கூடிய பாதுகாப்பான எண் பூஜ்யம்தான். அதற்கு மேல் வந்தால் கூடுதல் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் ஸ்பான்சருக்கும் நாள்காட்டி ஏமாற்றம் தருகிறது. 1993இல் ஒரு ஹாலிவுட் நிறுவனம், நாசா ஆதரவில் உருவான திட்டத்துக்குரிய கானஸ்டோகா ராக்கெட்டின் பக்கத்தில் தன் கோடைக்காலப் படத்தின் பெயரை எழுத 5 லட்சம் டாலர் பேசியது. படம் 1993 ஜூனில் வெளிவந்து, சரியாக ஓடாமல், திரையரங்குகளை விட்டும் போய்விட்டது. ராக்கெட் கிளம்பியது 1995 அக்டோபரில். 46 விநாடியில் சிதறியது. பீட்சா ஹட் கதையிலும் இதே முள் இருக்கிறது. அறிவிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு புரோட்டான் ஏற்கெனவே வெடித்திருந்தது. அக்டோபரில் இன்னொன்று விழுந்தது. எஞ்சின் கோளாறு சரியாகும்வரை ராக்கெட்டும் விளம்பரமும் அடுத்த ஆண்டு ஜூலை வரை காத்திருந்தன. தன் பெயர் எழுதிய ராக்கெட் துண்டு துண்டாகும் காட்சி ஒளிபரப்பாகக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகள் குறைவு. ஏற்றுக்கொள்பவையும் அந்த ஆபத்துக்காக விலையைக் குறைத்தே கேட்கும்.

பெயிண்ட் எழுதுவது எளிதல்ல

கார் பந்தயக் காரில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் போல நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. ராக்கெட்டின் வெளிப்பரப்பில் எந்த இடம் காலி, எந்த இடத்தில் எழுதக் கூடாது என்பதை வெப்பக் கணக்குதான் முடிவு செய்யும்.

திரவ ஆக்சிஜன் தொட்டியின் வெப்பநிலை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே. காப்பு உறை இல்லாத ராக்கெட்டுகளில் எரிபொருள் நிரப்பிய கொஞ்ச நேரத்தில் தொட்டியின் மேல் வெண்பனி படிந்து எழுத்து மறைந்துவிடும். சோயுஸ் கிளம்பும் படங்களில் உடல் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் பெயிண்ட் இல்லை, அந்தப் பனிதான். அதனால் சின்னங்களுக்கு ஏற்ற இடம், உச்சியில் சுமையை மூடியிருக்கும் கூம்பும் அதை ஒட்டிய பகுதியும். அங்கே குளிர்ந்த தொட்டி இல்லை, கேமராவும் அங்கேதான் பார்க்கும். ஆனால் சில நிமிடங்களில் காற்று மண்டலத்தைத் தாண்டியதும் அந்தக் கூம்பு கழன்று விழுந்துவிடும். ஸ்பான்சர் வாங்குவது விண்வெளியில் இடம் என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் அவருக்குக் கிடைப்பது ஏவுதளத்தில் சில நாளும் வானத்தில் சில நிமிடமும்.

எடையும் உண்டு. ஸ்பேஸ் ஷட்டிலின் பெரிய வெளித் தொட்டி முதல் இரண்டு பயணங்களில் வெள்ளையாக இருந்தது. மூன்றாவது பயணத்திலிருந்து, அதாவது 1982 மார்ச் முதல், பெயிண்ட் அடிப்பதை நிறுத்தினார்கள். மிச்சமான எடை சுமார் 270 கிலோ. அந்தத் தொட்டி கிட்டத்தட்ட சுற்றுப்பாதை வேகம் வரை கூடவே போவதால், அதில் குறைந்த எடை ஏறக்குறைய முழுவதும் சரக்குக்குக் கிடைத்தது. ஒரு லோகோவின் எடை அவ்வளவு இல்லை, சில கிலோதான். ஆனால் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கும். அடி அடுக்கில் ஒரு கிலோ கூடினால் சரக்கில் அதில் ஒரு சிறு பகுதிதான் குறையும். உச்சி அடுக்கில் கூடினால் முழுக் கிலோவும் போகும்.

விண்கலத்தின் மேலேயே எழுத வேண்டுமென்றால் இன்னும் கவனம் தேவை. வெள்ளை வெப்பப் பூச்சு சூரிய ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். கறுப்பு 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். ஒரு சதுர மீட்டர் அடர்நிற லோகோவைத் தவறான இடத்தில் வைத்தால் அதன் பின்னால் இருக்கும் பேட்டரி சூடேறும். மை வெற்றிடத்தில் ஆவியைக் கக்கவும் கூடாது. வழக்கமான சோதனை இது: மாதிரியை வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். மொத்த எடை இழப்பு 1 சதவீதத்தையும், வெளியேறி வேறிடத்தில் படியும் பொருள் 0.1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கடையில் கிடைக்கும் ஒட்டும் படங்கள் பலவும் இதில் தோற்கும். தோற்றதைப் பொருத்தினால் ஆவி போய்ப் படிவது கேமரா லென்ஸின் மேல். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒற்றை ஆக்சிஜன் அணுக்கள் மையை அரிக்கின்றன; புற ஊதாக் கதிர் நிறத்தை மாற்றுகிறது. சிவப்பு பழுப்பாகத் தெரிந்தால் விளம்பரதாரருக்குத்தான் நஷ்டம்.

பூமியிலிருந்தே தெரியும்படி வானத்தில் விளம்பரப் பலகை வைப்பது வேறு விஷயம். 1993இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி, முழுநிலவின் அளவுக்குத் தெரியும் என்று சொல்லி அப்படியொரு பலகையை முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பு, 2000இல் சட்டமாக நின்றது. தொலைநோக்கி இல்லாமல் தரையிலிருந்து அடையாளம் காணக்கூடிய விளம்பரத்துக்கு அமெரிக்காவில் ஏவுதல் உரிமம் கிடையாது. ராக்கெட்டின் உடலிலும் ஏவுதளத்திலும் எழுதுவதற்கு அதே சட்டத்தில் தடையில்லை.

நிலையத்தில் ஒரு மணி நேரத்தின் விலை

நாசா உண்மையில் இறங்கிய பாதை லோகோ விற்பது இல்லை. வசதியை வாடகைக்கு விடுவது. 2019 ஜூன் 7 அன்று அது வெளியிட்ட உத்தரவு, சர்வதேச நிலையத்தில் வணிக, விளம்பர வேலைகளுக்கு முதல்முறையாக விலைப்பட்டியல் போட்டது. சரக்கை மேலே கொண்டுபோகக் கிலோவுக்கு 3,000 டாலர், திரும்பக் கொண்டுவர 6,000, வீரரின் ஒரு மணி நேர வேலைக்கு 17,500. ஆண்டுக்கு 90 மணி நேரமும் 175 கிலோவும் இதற்கென ஒதுக்கப்பட்டன. எடைக்குறைவு நிலை தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும், அல்லது நாசாவின் பணியோடு தொடர்பு இருக்க வேண்டும், அல்லது தாழ் சுற்றுப்பாதையில் வணிகம் நிலைபெற உதவ வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் பரவலாகப் பேசப்பட்டது எஸ்டீ லாடர் என்ற அழகுசாதன நிறுவனம். 2020 அக்டோபரில் சிக்னஸ் சரக்குக் கலத்தில் பத்து முகப்பூச்சுப் புட்டிகள் போயின. கம்பெனி செலுத்தியது சுமார் 1,28,000 டாலர். வீரர் கேமராவை இயக்கலாம். தன் முகத்தைக் காட்டவோ பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவோ கூடாது.

இப்படி ஒரு படப்பிடிப்பு நடக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பணம் எதற்கு என்று புரியும். பொருளை முதலில் ஓர் ஒருங்கிணைப்பு நிறுவனம் ஏற்கிறது. பிறகு பாதுகாப்பு ஆய்வு, பூஜ்யம் முதல் மூன்று வரை கட்டங்களாக. தீப்பற்றுமா, கசிந்தால் காற்றை நஞ்சாக்குமா, கண்ணாடி உடைந்தால் துகள்கள் எங்கே போகும்? கீழே உடைந்த கண்ணாடி தரையில் கிடக்கும். அங்கே காற்றில் மிதந்து கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகும். அதனால் உடையக்கூடியது எதுவாக இருந்தாலும் சிதறாமல் தடுக்கும் உறையோ பூச்சோ வேண்டும். பின் வீரருக்கான செயல்முறைத் தாள், ஒவ்வோர் அடியும் எழுத்தில். நிலையம் பூமியை ஒரு முறை சுற்ற 90 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அதில் வெளிச்சம் பாதிக்கு மேல் கொஞ்சம். ஜன்னல் வழியே நீலக் கடல் வேண்டுமென்றால், கலம் எப்போது கடலுக்கு மேலே பகலில் போகும் என்று முன்கூட்டிக் கணக்கிட வேண்டும்.

கோளாறுகளும் இருக்கும். காற்றோட்ட விசிறியால் புட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். கட்டிவைத்தால் நூல் படத்தில் தெரியும். திரவத்துக்குள் இருக்கும் காற்றுக்குமிழி மேலே ஏறாது, நடுவிலேயே நிற்கும், அதனால் பொருள் கெட்டுப்போனதைப் போலத் தோன்றும். பளபளப்பான மூடியில் வீரரின் முகமோ சட்டையின் சின்னமோ பிரதிபலித்தால் அந்தப் படத்தைப் பயன்படுத்த முடியாது. இவை எல்லாம் மணிக்கணக்கைத் தின்னும்.

2019 விலை உண்மைச் செலவைவிட வெகு குறைவு. அந்த வித்தியாசத்தை வரி செலுத்துவோர் சுமந்தார்கள். 2021 தொடக்கத்தில் நாசா முழுச் செலவையும் வசூலிக்கும் விலைக்கு மாறியது: மேலே கொண்டுபோக கிலோவுக்கு 20,000, கீழே கொண்டுவர 40,000, வீரரின் மணி நேரம் 1,30,000. ஐந்து கிலோ போய்த் திரும்பி, ஐந்து மணி நேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலையில் 1,32,500 டாலர். புதிய விலையில் 9,50,000. ஏழு மடங்குக்கு மேல். சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். முகப்பூச்சு கம்பெனிக்கு மானியம் தருவது விண்வெளி ஆய்வு ஆகாது. விலை உண்மையானதும் விளம்பரத் தேவை எவ்வளவு மெலிந்தது என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

பொருள் தன் தகுதியால் நிற்கும்போது

பணமே கைமாறாமல் பிராண்டுக்குக் கிடைத்த புகழ்தான் இந்த வரலாற்றில் பெரியது. டாங் பானத்தூளை நாசா உருவாக்கவில்லை. 1957இலேயே உருவாகி மந்தமாக விற்றுக்கொண்டிருந்தது, 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பயணத்தில் போன பிறகு எழுந்தது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் 1965 மார்ச் 1 அன்று தகுதி பெற்றது சோதனையால்: 71 டிகிரியில் 48 மணி நேரம், உடனே 93 டிகிரியில் அரை மணி, பிறகு மைனஸ் 18இல் நான்கு மணி, அதற்குமேல் ஈரப்பதம், அதிர்ச்சி, வெற்றிடம். அந்தப் பெயரை இன்றுவரை காசாக்க முடிவதற்குக் காரணம் அந்தச் சோதனை. சோதனையை விலைக்கு வாங்கியிருந்தால் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்திருக்காது.

மாறாக, தகுதி முதிராமல் போனவை 1985இல் சேலஞ்சர் ஷட்டிலில் போன கோக்கும் பெப்சியும். இரண்டும் தனித்தனியே கேன் செய்துகொடுத்தன. கலத்தில் குளிர்பெட்டி இல்லை, பானம் வெதுவெதுப்பு. எடையற்ற நிலையில் குமிழி மேலே ஏறாததால் எல்லாம் நுரையாக வந்தது. வயிற்றுக்குள்ளும் வாயுவும் நீரும் பிரியாததால் ஏப்பத்தோடு திரவமும் மேலே வந்தது. எந்தப் பயிற்சியாலும் சரிசெய்ய முடியாத இயற்பியல் அது.

நல்ல முன்மாதிரி என்று காட்டச் சிறியதொன்று உண்டு. 2011 ஆகஸ்ட் 5 அன்று வியாழனுக்குக் கிளம்பிய நாசாவின் ஜூனோ கலத்தில் மூன்று லெகோ பொம்மைகள் இருந்தன: கலிலியோ, ரோமானியக் கடவுள் ஜூபிடர், அவர் மனைவி ஜூனோ. நான்கு சென்டிமீட்டர் உயரம். விண்கலத் தர அலுமினியத்தில் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,000 டாலரை லெகோ நிறுவனமே ஏற்றது. குழந்தைகளுக்கான கல்வித் திட்டம் ஒன்றின் பகுதி அது. திட்டத்தின் நிதி அதை நம்பியிருக்கவில்லை, கால அட்டவணையும் அதற்காக நகரவில்லை.

2006இல் ரஷ்ய வீரர் மிகைல் தியூரின் ஒரு கனடியக் கம்பெனிக்காக நிலையத்துக்கு வெளியே கோல்ஃப் பந்தை அடித்ததில் பொறியாளர்கள் கேட்ட முதல் கேள்வி, பந்து திரும்பி வந்து நிலையத்தில் மோதுமா என்பது. அதற்காகப் பந்தின் எடை 3 கிராமாக்கப்பட்டது. வழக்கமான பந்து 46 கிராம் வரை இருக்கும். பரப்பு அதே, எடை குறைவு என்றால் மெல்லிய காற்றே அதை விரைவில் கீழே இழுத்துவிடும். சில நாளில் எரிந்துபோகும்.

உரிமையாளர் மாறியபின்

இப்போது கேள்வியே இடம் மாறிவிட்டது. நிலவுக்குச் சரக்கு கொண்டுபோக நாசா கலம் கட்டுவதில்லை, தனியார் கலத்தில் இடம் வாங்குகிறது. 2024 பிப்ரவரி 22 அன்று நிலவில் இறங்கிய இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் கலத்துக்கு நாசா தந்தது சுமார் 11.8 கோடி டாலர். அதன் ஒரு பக்கத்தில் கொலம்பியா உடை நிறுவனத்தின் பெயர் இருந்தது, கூடவே அந்த நிறுவனம் மேலாடைகளுக்குப் பயன்படுத்தும் வெப்பம் பிரதிபலிக்கும் துணியும். கலம் நாசாவுக்குச் சொந்தமில்லை, ஆகவே கருவூல விதி தொடவில்லை. ஸ்பான்சர் பணம் கம்பெனியின் கணக்குக்குப் போனது.

இதன் மறுபக்கம் அதற்கு ஆறு வாரம் முன்பே தெரிந்தது. 2024 ஜனவரி 8 அன்று கிளம்பிய ஆஸ்ட்ரோபாட்டிக்கின் பெரெக்ரின் கலத்தில் நாசாவின் கருவிகளோடு ஒரு ஜப்பானிய பானக் கம்பெனியின் கேனும் மனித அஸ்திச் சிமிழ்களும் இருந்தன. நிலவைப் புனிதமாகக் கருதும் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, கலத்தில் வேறு யார் எதை ஏற்றுகிறார்கள் என்பதில் தனக்கு அதிகாரம் இல்லை என்று நாசா பதில் சொன்னது. ஒப்பந்தப்படி அது உண்மை. பயணச் செலவில் சுமார் 10.8 கோடி டாலர் பொதுப்பணம் என்பதும் உண்மை. எரிபொருள் கசிவால் கலம் நிலவை எட்டாமல் ஜனவரி 18 அன்று பூமியின் காற்று மண்டலத்தில் எரிந்தது. கேள்வி எரியவில்லை.

சர்வதேச நிலையத்தை 2030 வரை ஓட்டி, அதன்பின் தனியார் நிலையங்களில் வாடகைதாரராகத் தங்குவது நாசாவின் திட்டம். பரிந்துரைத் தடை வீரரை மட்டுமே கட்டும்; அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர் கம்பெனியுடையது. அதிகாரபூர்வ நேரலையில் அந்தச் சுவரில் எது தெரியலாம் என்பதை வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே எழுத வேண்டும். கூடவே இன்னும் சில வரிகள் தேவை. சின்னத்தின் நிறமும் அளவும் வெப்பக் கணக்கு முடியும் நாளோடு உறைய வேண்டும். ஸ்பான்சர் பணம் ஏவும் நாளில் இல்லாமல் வடிவமைப்பு ஆய்வுகள் முடியும்போது தவணையாக வர வேண்டும். தாமதத்துக்கும் விபத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது. வீரரின் நேரம் முழுச் செலவு விலையில்தான். பொதுப்பணம் பாதிக்கு மேல் போகும் கலத்தில் ஏறும் பொருள்களின் பட்டியலை, கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.